எனக்கென்ன குறை?

(ஒரு மகளிர் கல்லூரியின் பொருளியல் துறை ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் முப்பது வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள் என்று அறிமுகம் செய்தார்கள். அது சரிதான். அதற்கு முன்னால், 1980-களின் நடுவில், நான் செய்த வேலை வேறு. தோளில் ஜோல்னாப் பை, காலில் ரப்பர் செருப்பு, கையில் படிவக் கட்டு. செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். ஒரு வீட்டுக்குப் பதினோரு பக்கம். எத்தனை காணி, எத்தனை மாடு, எவ்வளவு கடன் என்று பத்துப் பக்கம் போகும். பதினோராவது பக்கத்தில் இரண்டே கேள்விகள். ‘உங்கள் வாழ்க்கை உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா?’ இது முதல் கேள்வி, ஐந்து கட்டங்களில் ஒன்றில் குறியிட வேண்டும். அதற்குக் கீழே, ‘எதிர்கால விருப்பம்’. அதற்கு அச்சடித்தவர் விட்டிருந்த இடம் அரை வரி.

ஒரு வீடு இன்றும் நினைவிருக்கிறது. திண்ணையில் வீட்டுக்காரர். அவரிடம் திருப்தியா என்று கேட்டதுதான் தாமதம், கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தார். கிணற்றில் ஊற்று இல்லை, சொசைட்டியில் கடன் தரவில்லை, அண்ணன் வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டான், சிங்கப்பூர் போக ஏஜெண்டிடம் கட்டிய பணம் போனது போனதுதான். ‘திருப்தி இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். விருப்பம் எழுத அரை வரி போதவில்லை, பக்கத்து வெள்ளையில் செங்குத்தாக எழுதினேன்.

உள்ளே அந்த அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அதே கேள்வி. “எனக்கு என்னம்மா கொற? மூணு வேளை சோத்துக்குப் பஞ்சமில்ல. அவரு குடிக்கறதில்ல. கொழந்தைங்க பள்ளிக்கூடம் போவுது.” மிகவும் திருப்தி. “ஒங்களுக்குன்னு என்ன ஆசைம்மா?” என்றேன். “எனக்கென்ன ஆச. புள்ளைங்க நல்லா இருந்தா போதும்.” அரை வரிக்குள் அச்சாகப் பொருந்தியது.

ஒரே கூரை, ஒரே கிணறு, ஒரே கடன். ஒருவருக்குத் திருப்தி இல்லை, மற்றவருக்கு மிகவும் திருப்தி. படிவத்தை மடித்துக்கொண்டு நான் தெருவுக்கு வந்த பிறகு அந்த அம்மாள் பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஏம்மா, நீ இப்பிடி ஊர் ஊரா தனியா சுத்தறியே, வூட்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்வியை எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை. நான் கேட்ட கேள்விக்கான விடை அதுதான் என்பது உறைக்க எனக்குப் பல வருடம் ஆயிற்று. இன்றைய பேச்சு அந்த விட்டுப்போன விடையைப் பற்றியது.

உலகம் முழுவதும் இந்தத் திருப்திக் கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பல நாடுகளில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாகவோ ஒரு பிடி கூடவோ திருப்தி சொல்கிறார்கள். அதே பெண்களிடம், நேற்று கவலைப்பட்டீர்களா, உடம்பு வலித்ததா, துக்கமாக இருந்ததா என்று கேட்டால் அவற்றிலும் பெண்களின் எண்ணிக்கைதான் கூடுதல். மனச்சோர்வு நோயும் பெண்களிடம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. வலி கூட, கவலை கூட, திருப்தியும் கூட. இதை ஆய்வாளர்கள் புதிர் என்கிறார்கள். நம் பாட்டிமாரோடு ஒரு மாதம் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு இது புதிராகவே தெரியாது.

இந்தக் கேள்விக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஹாட்லி கான்ட்ரில் என்று ஓர் உளவியலாளர் இருந்தார். 1938-இல் செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்ததாக ஒரு வானொலி நாடகம் ஒலிபரப்பாகி, அதைச் செய்தியென்று நம்பிச் சிலர் பயந்து போனார்களே, அந்தப் பீதியை ஆராய்ந்து புத்தகம் போட்டவர். (பின்னாளில் அவர் செய்த வேலையும் மனிதர்கள் எதை நம்புகிறார்கள் என்பதைப் பற்றியதுதான், இந்த முறை தங்களைப் பற்றி.) இந்தியா உட்படப் பல நாடுகளில் மக்களைக் கேட்டு 1965-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் காட்டியது ஓர் ஏணிப் படம். கீழே பூஜ்யம், உச்சியில் பத்து. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

ஏணியைக் காட்டுவதற்கு முன்னால் கான்ட்ரில் வேறொன்று கேட்டார். உங்களைப் பொறுத்தவரை மிக நல்ல வாழ்க்கை என்றால் எப்படி இருக்கும், உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள் என்றார். மிக மோசமான வாழ்க்கை எப்படி இருக்கும் என்றும் கேட்டார். அதையெல்லாம் எழுதிக்கொண்ட பிறகுதான் ஏணி. உச்சிப் படி என்பது அந்த மனிதர் இப்போது சொன்ன நல்ல வாழ்க்கை, அடிப்படி அவர் சொன்ன கெட்ட வாழ்க்கை.

இன்று அதே ஏணியை கேலப் நிறுவனம் நூற்றுநாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் காட்டுகிறது. 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை அதை வைத்துத்தான் தரவரிசை போடுகிறது. மார்ச் 20-ஆம் தேதி செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். 2025-இல் 147 நாடுகளில் இந்தியாவுக்கு 118-ஆவது இடம், பின்லாந்துக்கு வழக்கம்போல முதலிடம். ஆனால் இந்த ஏணியில் கான்ட்ரிலின் முதல் பாதி இல்லை. உச்சி எது என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் படி என்று மட்டும் கேட்டு எண்ணை எழுதிக்கொண்டு போகிறார்கள். என் செங்கல்பட்டுப் படிவத்தில் அரை வரியாகச் சுருங்கிய கேள்வி, உலகப் படிவத்தில் முழுக்கக் காணாமல் போய்விட்டது.

கணக்காகவே சொல்கிறேன், எனக்கு அதுதான் வரும். 1890-இல் வில்லியம் ஜேம்ஸ் என்ற உளவியலாளர் தன்மதிப்பை ஒரு பின்னமாக எழுதினார். நாம் அடைந்தது தொகுதி, நாம் ஆகவேண்டும் என்று நினைத்தது பகுதி. பின்னத்தின் மதிப்பைக் கூட்ட இரண்டு வழி என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மேலே உள்ளதைக் கூட்டலாம், கீழே உள்ளதைக் குறைக்கலாம். நம் சமூகம் ஆண் பிள்ளைக்குத் தொகுதியைக் கூட்டச் சொல்லிக்கொடுக்கிறது. பெண் பிள்ளைக்குப் பகுதியைக் குறைக்கச் சொல்லிக்கொடுக்கிறது. இரண்டு பேருக்கும் விடை ஒன்றாகவே வந்தாலும் இரண்டும் ஒரே கணக்கு ஆகிவிடாது.

இதற்கு நான் அறிந்த மிகக் கொடூரமான சான்று வங்காளத்தில் இருக்கிறது. 1943-இல் பெரும் பஞ்சம். அடுத்த ஆண்டு, 1944-இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் அரசின் பொதுச் சுகாதார நிறுவனம் ஒன்று கணக்கெடுப்பு நடத்தியது. பின்னாளில் கார் தொழிற்சாலைக்கு நிலம் எடுத்ததை எதிர்த்த போராட்டத்தால் பெயர் அடிபட்ட அதே சிங்கூர்தான். கேட்டது உடல்நலம் பற்றி. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர், நோயாக இருக்கிறேன் அல்லது உடம்பு சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். இதில் நோய் என்று திட்டமாகச் சொன்னவர்களை ஒதுக்கிவிட்டு, ‘சுமார்தான்’ என்றவர்களை மட்டும் எடுத்தால் ஆண்கள் 45.6 சதவீதம். பெண்கள்? பூஜ்யம். ஒருத்திகூட இல்லை.

அமர்த்தியா சென் 1985-இல் இந்த எண்களைத் தோண்டியெடுத்து எழுதியிருக்காவிட்டால் அவை ஏதோ ஒரு அலமாரியில் மட்கியிருக்கும். பஞ்சத்துக்கு மறு வருடம், வங்கத்து விதவை. மேல்சாதி வீடு என்றால் மீன் கிடையாது, வெள்ளைச் சேலை, வீட்டின் கடைசிப் பந்தியில் மிச்சம் மீதி. அவள் உடம்பு அந்த ஆண்களின் உடம்பைவிட இருபது மடங்கு நன்றாக இருந்திருக்குமா? உடம்பு முடியவில்லை என்று சொன்னால் கேட்க ஆள் உண்டு என்ற நம்பிக்கை உள்ளவன்தான் அப்படிச் சொல்வான். அந்த ஆண்களுக்கு அது இருந்தது. சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவி போய்விட்ட குறையும் அந்த 48.5-க்குள் இருக்கும் என்பது என் ஊகம். அந்தப் பெண்களோ ‘சுமார்’ என்ற சொல்லைக்கூடத் தங்களுக்கு உரியதாக நினைக்கவில்லை. சுமார் என்று சொல்ல, நன்றாக இருப்பது என்றால் என்ன என்று ஒரு நினைப்பாவது வேண்டுமே. இல்லாதவனுக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டவளுக்கும் மனம் தானாகவே ஆசையைச் சுருக்கிக்கொள்ளும், அதனால் அவர்கள் சொல்லும் திருப்தியை வைத்து அவர்கள் நிலைமையை எடைபோடக் கூடாது என்றார் சென். அவருடைய மற்ற கருத்துகளில் எனக்குச் சில கேள்விகள் உண்டு. இதில் இல்லை.

அதற்கு முந்தைய காலத்து விதவைகளைப் பற்றி நம் சென்னையிலிருந்து வேறொரு செய்தியும் சொல்ல வேண்டும். 1886-இல் மயிலாப்பூரில் பிறந்து குழந்தையாகவே விதவையான சுப்புலட்சுமியைப் பெற்றோர் மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க வைத்தார்கள். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே குழந்தை விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். அது பிறகு கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போயிற்று. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த கட்டடம். எதிரே கடல். மாவட்டங்களிலிருந்து தலை மழித்துக் கூட்டிவரப்பட்ட சிறுமிகள் அங்கே படித்து ஆசிரியைகளாக வெளியே போனார்கள். அந்தச் சிறுமிகளிடம் இல்லத்துக்கு வந்த முதல் நாள் யாராவது “உன் விருப்பம் என்ன?” என்று கேட்டிருந்தால், டீச்சர் ஆக வேண்டும் என்று ஒருத்தியும் சொல்லியிருக்கமாட்டாள். சேலை கட்டிக்கொண்டு, தங்களைப் போலவே விதவையான ஒருத்தி, கரும்பலகை முன் நிற்பதைப் பார்த்த பிறகுதான் அந்த விருப்பம் அவர்களுக்கு விருப்பமாகவே ஆகியிருக்கும். சகோதரி சுப்புலட்சுமி என்று ஊரே அழைத்த அந்த அம்மையாரின் சாதனை பள்ளிக்கூடம் மட்டுமன்று, அந்தச் சிறுமிகளின் பின்னத்தில் பகுதியைப் பெரிதாக்கியதும்தான்.

பகுதி பெரிதானால் என்ன ஆகும்? விடை சிறிதாகும். திருப்தி குறையும். இங்கேதான் அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

1957-இல் பெட்டி ஃப்ரீடன் என்ற எழுத்தாளர், தன்னோடு ஸ்மித் கல்லூரியில் 1942-இல் பட்டம் பெற்ற தோழிகளுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். பதினைந்தாம் ஆண்டுச் சந்திப்புக்காகத் தயாரித்தது. வீடு, கார், துணி துவைக்கும் இயந்திரம், நல்ல கணவன், மூன்று குழந்தை எல்லாம் இருந்த அந்தப் பெண்களின் பதில்களிலிருந்துதான் 1963-இல் அவர் வெளியிட்ட நூல் முளைத்தது. அந்தத் தலைமுறையின் மகள்கள் வேலைக்குப் போனார்கள், சம்பளம் வாங்கினார்கள், வேண்டாத திருமணத்தை விட்டு வெளியே வந்தார்கள். எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் நிலைமை முன்னேறியது.

ஆனால் 2009-இல் பெட்சி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள், 1972 முதல் அந்த நாட்டில் எடுத்துவரும் ஒரு பெரிய கணக்கெடுப்பைப் புரட்டிப் பார்த்தார்கள். 1970-களில் ஆண்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சி சொன்ன அமெரிக்கப் பெண்கள், ஆண்டுக்கு ஆண்டு குறைத்துச் சொல்லி, கடைசியில் ஆண்களுக்கும் கீழே போய்விட்டார்கள். ஐரோப்பாவிலும் ஏறத்தாழ இதே போக்கு. கட்டுரை வந்ததும் ஒரு கூட்டத்துக்குக் கொண்டாட்டம். பார்த்தீர்களா, பெண்களை வெளியே அனுப்பினோம், சந்தோஷம் போயிற்று என்றார்கள். நம் ஊர்ப் பட்டிமன்றங்களிலும் இந்த வாதம் வேறு வேஷத்தில் வந்து கைதட்டல் வாங்கியிருக்கிறது.

கொண்டாடியவர்கள் கட்டுரையைக் கடைசி வரை படிக்கவில்லை. கறுப்பினப் பெண்கள் இந்தச் சரிவுக்கு விதிவிலக்கு என்று அதிலேயே இருக்கிறது. தாங்களும் தங்கள் தாய்மாரும் காலம் காலமாகக் கூலிக்கு உழைத்த பெண்கள் அவர்கள். ‘வேலைக்கு வெளியே போனதால் சந்தோஷம் போயிற்று’ என்றால் முதலில் அவர்கள் கணக்கில் அல்லவா அது தெரிந்திருக்க வேண்டும்?

எனக்குத் தோன்றுவது இரண்டு. முன்பு அடுத்த வீட்டுப் பெண்ணோடு தன்னை ஒப்பிட்டவள், இப்போது அலுவலகத்தில் பக்கத்து மேஜை ஆணோடு ஒப்பிடுகிறாள். அவனுக்கு ஒரு வேலை, இவளுக்கு இரண்டு. ஆர்லி ஹாக்‌ஷில்ட் 1989-இல் ‘இரண்டாவது ஷிஃப்ட்’ என்று புத்தகத்துக்குப் பெயர் வைத்தாரே, அதுதான். இன்னொன்று, 1972-இல் ஒரு குடும்பத் தலைவி முன்பின் தெரியாத ஒருவரிடம் ‘எனக்கு மகிழ்ச்சி இல்லை’ என்று சொல்வது மானக்கேடு. 2000-இல் அது வெறும் பதில். சரிந்தது மகிழ்ச்சி எவ்வளவு, பூச்சு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தப் புள்ளியியலாலும் முடியாது. என் துறையைப் பற்றி நானே சொல்கிறேன்.

நம் நாட்டுக்கு வருவோம், இரண்டாவது ஷிஃப்டை நாமும் அளந்திருக்கிறோம். 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்ட நேரம் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சம். பரவாயில்லையே என்று ஆண்கள் வரிசையைப் பார்த்தால் அங்கேயும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள், இந்த 88 நிமிடம் வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களின் சராசரி மட்டும்தான். கையே வைக்காதவர்கள் இந்தச் சராசரிக்குள் வரமாட்டார்கள், 2019-இல் அப்படிப்பட்டவர்கள் நான்கில் மூன்று பேர்.

ஆசைக்கு நேரம் வேண்டும். ஐந்து மணி நேரம் அடுப்படியில் போனவளுக்கு, இன்னும் பத்து வருடத்தில் நான் என்னவாக இருப்பேன் என்று நினைக்க எந்த வேளை மிஞ்சும்? ராத்திரி பாத்திரம் கழுவும்போதா?

மறுபடியும் வங்காளத்துக்கே போகலாம். சிங்கூர் ஹூக்ளி மாவட்டம். வடமேற்கே பீர்பூம் மாவட்டம், தாகூரின் சாந்திநிகேதன் இருக்கும் மண். அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தத்தின்படி ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எந்த ஊர் என்பதை யாருடைய விருப்பமும் தீர்மானிக்கவில்லை, குலுக்கல் போலத்தான் அமைந்தது. ஆய்வாளர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? எஸ்தர் டஃப்லோ, ரோகிணி பாண்டே, லோரி பீமன், பெட்டியா டோபலோவா ஆகிய நான்கு பெண்கள் 2007-இல் 495 கிராமங்களில், 11 முதல் 15 வயது வரையுள்ள எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் சந்தித்தார்கள். 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகள் வந்தன.

அவர்கள் திருப்தியைக் கேட்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டார்கள். உன் மகள் எவ்வளவு படிக்க வேண்டும், எந்த வயதில் கல்யாணம், என்ன வேலைக்குப் போக வேண்டும், ஊர்த் தலைவர் ஆவாளா? இதே கேள்விகள் மகனுக்கும். மகளுக்கு என்ன வேலை என்றபோது வந்த பதில்களில் ஒன்று, ‘மாமியார் வீட்டார் சொல்வதுதான்.’ பையனைப் பற்றி எந்தத் தகப்பன் அப்படிச் சொல்வான்? மகனுக்கு நினைப்பதற்கும் மகளுக்கு நினைப்பதற்கும் இடையிலிருந்த தூரம், அடுத்தடுத்து இரண்டு தேர்தலில் பெண் தலைவர் வந்த ஊர்களில், பெற்றோர் மனதில் கணிசமாகவும் பிள்ளைகள் மனதில் 32 சதவீதமும் குறைந்திருந்தது. அந்த ஊர்களில் பெண் பிள்ளைகள் படிப்பிலும் பையன்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள். அந்தப் பெண் பிள்ளைகள் வீட்டு வேலைக்குச் செலவிடும் நேரமும் குறைந்திருந்தது.

அந்த ஊர்களில் இளம்பெண்களுக்குப் புதிய வேலை வாய்ப்பு எதுவும் பெரிதாக வந்துவிடவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். பணம் வரவில்லை, ஆலை வரவில்லை. ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதை ஊரார் பத்து வருடம் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஐஸ் ஹவுஸில் கரும்பலகை முன் நின்ற விதவையைப் பார்த்தது போல. பெண் தலைவர் பெயருக்குத்தான், பின்னாலிருந்து ஆள்வது கணவர் என்று நம் ஊரிலும் கேலி பேசுவோம். கேலியில் உண்மையும் உண்டு. ஆனால் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பத்து வயதுப் பெண்ணுக்கு நாற்காலியில் இருந்தது யார் என்பதில் குழப்பம் இல்லை.

ஆண்களைப் பற்றிப் பேசாமல் போனால் வாசலில் நிற்கும் ஓட்டுநர் தம்பிகூட என்னை விடமாட்டார். பெண்ணுக்கு ஆசையைச் சுருக்கு என்று சொன்ன அதே சமூகம், ஆணிடம் எது உன் ஆசை என்று கேட்காமலேயே ஒன்றைத் தலையில் ஏற்றிவிட்டது. சம்பாதி, தங்கையைக் கட்டிக்கொடு, வீடு கட்டு. அவனுடைய பகுதியை நிரப்பியது அவனில்லை. தொகுதி எட்டாதபோது அந்தப் பின்னம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்குத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இருக்கிறது. 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அதில் ஆண்கள் 1,22,724. பத்தில் ஏழு பேர். திண்ணையில் எனக்குக் கால் மணி நேரம் குறை சொன்ன அந்த மனிதரைப் பார்த்து அன்று நான் மனதுக்குள் சிரித்தேன். சொல்லிவிட்டவர் பிழைத்தார் என்று இன்று நினைக்கிறேன். வேலை போனதைச் சொல்ல நம் ஆண்களுக்கு வாய் வருவதில்லை. அதே பட்டியலில் இறந்த பெண்கள் 48,172 பேர், அவர்களில் பாதிக்கும் மேல் இல்லத்தரசிகள். குறை ஒன்றும் இல்லை என்று படிவத்தில் எழுதப்பட்டவர்கள் இவர்களுக்குள் எத்தனை பேரோ.

இந்த இடத்தில் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ஆசைதானே துன்பத்துக்குக் காரணம், புத்தரே சொல்லியிருக்கிறாரே, குறைவாக ஆசைப்படும் பெண்ணைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டாமா என்று. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. துறப்பதற்கு முதலில் ஒன்று கையில் இருக்க வேண்டும். சித்தார்த்தருக்கு அரண்மனை இருந்தது, நள்ளிரவில் யாரையும் கேட்காமல் வெளியேறும் உரிமையும் இருந்தது. அவரை வளர்த்த சிற்றன்னை மகாபிரஜாபதி கௌதமி தானும் துறவு பூண விரும்பியபோது என்ன நடந்தது? புத்தர் மூன்று முறை மறுத்தார் என்கிறது பௌத்த மரபு. பிறகு ஆனந்தர் பரிந்து பேசித்தான் சம்மதம் கிடைத்தது. ஆசையை விட வேண்டும் என்ற ஆசைக்குக்கூட ஒரு பெண் சிபாரிசு பிடிக்க வேண்டியிருந்தது.

நம் பேச்சு வழக்கையே பாருங்களேன். பையன் கலெக்டர் ஆவேன் என்றால் அது லட்சியம். பெண் சொன்னால், “பொண்ணு ஆசைப்படுது.” அவள் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் பிடிவாதம். எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு இருந்தாளானால், நல்ல புருஷன் வாய்த்தானானால், “கொடுத்து வைத்தவள்.” முற்பிறவியில் கொடுத்து வைத்தது இப்போது கிடைக்கிறதாம். இந்தப் பிறவியில் அவள் செய்தது, விரும்பியது எதற்கும் அந்தச் சொல்லில் இடமே இல்லை.

அப்படி இடமில்லாமல் கிடந்த ஓர் ஆசையை நான் நேரில் பார்த்தேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது. 2021-இல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்று அறிவித்த சில மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் வரவில்லை. மறுநாள் கேட்டேன், உடம்பு சரியில்லையா என்று. “இல்லக்கா. பஸ்ஸு காலியா இருந்துச்சு. எறங்க வேண்டிய எடத்துல எறங்கல. கடைசி ஸ்டாப் வரைக்கும் போயி, கொஞ்ச நேரம் பீச்சுல உக்காந்துட்டு வந்தேன்.” எதற்கு என்றேன். “சும்மாதான்” என்றார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, “எனக்கே தெரியலக்கா, எனக்கு அது புடிக்கும்னு” என்றார். நான் சம்பளத்தில் பிடிக்கவில்லை என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. முதலில் எரிச்சல்தான் பட்டேன், பாத்திரம் குவிந்து கிடந்தது. இவருக்குக் கடல் பிடிக்கும் என்று எனக்கு மட்டுமா தெரியாது, அவருக்கே தெரியவில்லை. டிக்கெட் காசு என்ற சின்ன வேலி விழுந்ததும் அந்த ஆசை வெளியே வந்தது. பேருந்துத் திட்டத்தின் பலனை மிச்சமான ரூபாயாக மட்டும் கணக்குப் போடுகிறவர்களிடம், இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள் என்று கேட்க ஆசை.

நேரம் ஆகிவிட்டது. மணி அடிக்கும் முன், அடுத்த மாதம் கிராமக் கணக்கெடுப்புக்குப் போகவிருக்கும் இறுதியாண்டு மாணவிகளுக்கு மட்டும் சில வேண்டுகோள்கள். திருப்தியா என்று கேட்பதற்கு முன்னால் விருப்பம் என்ன என்று கேளுங்கள், கான்ட்ரில் செய்தது போல. வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள், மாமியார் இருக்கும்போதும் வேண்டாம். ‘புள்ளைங்க நல்லா இருந்தா போதும்’ என்று பதில் வரும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் பேனாவை மூடிவிடாதீர்கள். கொஞ்சம் சும்மா இருங்கள். அவர் உங்களிடம் ஏதாவது திருப்பிக் கேட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள். படிவத்தை நீங்களே தயாரிக்கப் போவதாகத் துறைத் தலைவர் சொன்னார். விருப்பம் என்ற கேள்விக்குக் கீழே அரை வரி போதாது. அரைப் பக்கமாவது விடுங்கள்.